ஸ்டேஷனுக்குள் நுழையவே க்யூ! 59 மாடிக் கட்டடம் எழும்பிய ஊரில் ஒரு நடைமேடை கட்ட ஏன் இவ்வளவு காலம்?

ரயில் லேட்டானால் நடைமேடையில் கூட்டம் சேரும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால், ரயில்கள் சரியான நேரத்துக்கு வந்துபோய்க்கொண்டிருக்கும்போதே, டிக்கெட் கேட்டைத் தாண்ட முடியாமல் மக்கள் தெருவில் வரிசைகட்டி நின்றால்?

ஜப்பானின் முசாஷி-கொசுகி ஸ்டேஷனில் 2017, 2018 வாக்கில் வார நாள் காலைகளில் இதுதான் காட்சி. கோட்டும் சூட்டுமாக, கையில் பையுடன், ஒருவர் பின் ஒருவராக. சத்தம் இல்லை, முண்டியடிப்பு இல்லை. மெதுவாக நகரும் அந்த வரிசை கேட்டுக்கு வெளியே கட்டடத்தைத் தாண்டி நீளும். போட்டோக்கள் சோஷியல் மீடியாவில் சுற்றின, டிவி கேமராக்கள் வந்தன. 'வசதியான ஊர்னு சொல்லித்தானே வீடு வித்தாங்க?' என்று வெளியூர்க்காரர்கள் கிண்டலடித்தார்கள்.

கிண்டலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், கேள்வி நியாயமானது. நேரம் தவறாத ரயிலுக்குப் பேர்போன நாட்டில் இது எப்படி நடந்தது?

அப்படியென்ன ஊர் அது?

முசாஷி-கொசுகி இருப்பது டோக்கியோவில் அல்ல. தாமா ஆற்றின் ஒரு கரையில் டோக்கியோ, மறுகரையில் கவாசாகி நகரம். அந்த நகரின் நகஹாரா வார்டில் இருக்கிறது இந்த ஸ்டேஷன். ஷினகாவாவுக்கு ரயிலில் சுமார் 10 நிமிடம். டோக்கியோ ஸ்டேஷனுக்கு 20 நிமிடம். ஷின்ஜுகுவுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். இன்னொரு லைனில் ஷிபுயாவுக்குக் கால் மணி நேரம். எதிர்த்திசையில் போனால் யோகோஹாமாவும் அதே தூரம்தான். ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜப்பானில் பெரும்பாலான நிறுவனங்கள் ஊழியரின் ரயில் பாஸ் செலவைத் தாங்களே கொடுத்துவிடும். மாதம் 1,50,000 யென் வரை அந்தத் தொகைக்கு வரியும் கிடையாது. அதனால் வீடு தேடுபவர் டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை. எத்தனை நிமிடம், எத்தனை இடத்தில் ரயில் மாற வேண்டும் என்றுதான் பார்ப்பார். அந்தக் கணக்கில் கொசுகியை அடிக்க ஆள் குறைவு.

ஜல்லி ரயிலில் தொடங்கிய கதை

ஆரம்பத்தில் இந்த ஊருக்கு இப்படியொரு மவுசு இல்லை. இந்த வழியாகப் போகும் நம்பு லைன், தாமா ஆற்றில் அள்ளிய ஜல்லியைக் கொண்டுபோவதற்காக ஒரு தனியார் கம்பெனி போட்ட பாதை. 1927-ல் ஓடத் தொடங்கியது. இன்றைய ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் அப்போது இருந்தது ஒரு சின்ன நிறுத்தம். பெயர், 'மைதானம் முன்பு'. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விளையாட்டு மைதானம் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். 1944-ல், போர்க்காலத்தில், அரசு அந்த ரயில் பாதையை எடுத்துக்கொண்டபோதுதான் அது 'முசாஷி-கொசுகி' ஆனது.

அதற்குள் சுற்றுவட்டாரம் ஃபேக்டரிகளால் நிறைந்துவிட்டது. என்இசி தன் தாமாகவா தொழிற்சாலையை 1936-ல் தொடங்கியது. புஜித்ஸுவும் பக்கத்திலேயே வந்தது. ஷிபுயாவையும் யோகோஹாமாவையும் இணைக்கும் தோயோகோ லைனில் 1939-ல் இங்கே திறக்கப்பட்ட ஒரு ஸ்டேஷனுக்கு வைத்த பெயரே 'தொழில் நகரம்' என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1953-ல் அதை மூடிவிட்டார்கள்.

அதாவது, பல பத்தாண்டுகள் கொசுகி என்பது காலையில் மக்கள் வேலைக்கு *வந்து இறங்குகிற* ஊர். அங்கிருந்து கூட்டமாக ஏறிப்போகிற ஊர் அல்ல. இந்தத் திசைமாற்றம்தான் பிற்பாடு வந்த சிக்கலின் அடிப்படை.

1990-களில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. ஃபேக்டரிகள் இடம்மாறின. கம்பெனி மைதானங்களும் ஊழியர் விடுதிகளும் காலியாகின. ரயில் நிலையத்தை ஒட்டி, டோக்கியோவுக்கு ஒரு ஆறு தள்ளி, பெரிய பெரிய மனைகள். 2002-ல் நகர மறுசீரமைப்புக்கென தனிச் சட்டமும் வந்தது. கேட்கவா வேண்டும்? 2008, 2009-ல் வரிசையாகக் கோபுரங்கள் எழுந்தன. அதில் ஒன்று 59 மாடி, 200 மீட்டருக்கு மேல் உயரம். அதன்பிறகும் நிற்கவில்லை. இன்று ஸ்டேஷனைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட உயரமான அடுக்குமாடிகள். நகஹாரா வார்டின் மக்கள்தொகை 2000-ல் சுமார் 2 லட்சம், 2020-ல் 2.6 லட்சத்தைத் தாண்டியது. பிள்ளைகள் பெருகியதால் 2019-ல் புதிதாக ஓர் ஆரம்பப் பள்ளியே திறக்க வேண்டியிருந்தது.

30 வருடம் நிற்காமல் போன ரயில்

இப்போது அந்தப் பிரச்னைக்குரிய நடைமேடைக்கு வருவோம்.

முசாஷி-கொசுகியில் நம்பு லைனும் தோயோகோ லைனும் முன்பிருந்தே உண்டு. மூன்றாவதாக, ஊரின் இன்னொரு ஓரத்தில் ஒரு சரக்கு ரயில் பாதை போகிறது. 1929-ல் போட்டது. 1980-ல் யோகோசுகா லைன் பயணிகள் ரயில்களை இந்தப் பாதைக்கு மாற்றினார்கள். நேராக ஷினகாவா, டோக்கியோ போகிற ரயில்கள். ஆனால் கொசுகியில் நடைமேடை இல்லை. அதனால் அடுத்த 30 வருடம், அந்த ஊர் மக்கள் தலைக்கு மேலேயே ரயில் போனது, நிற்கவில்லை.

2010 மார்ச் 13-ம் தேதிதான் அங்கே நடைமேடை திறக்கப்பட்டது. யோகோசுகா லைன் மட்டுமல்ல, ஷின்ஜுகு பக்கம் போகும் ஷோனான்-ஷின்ஜுகு லைனும், நரிதா விமான நிலைய எக்ஸ்பிரஸும் நின்றன. ஊரின் தலையெழுத்தே மாறியது என்றால் மிகையில்லை. அதுவரை இருந்த கோபுரங்கள் போக, புதிதாக வந்த ஒவ்வொன்றும் 'நேரடி ரயில்' என்ற ஒரு வரியை வைத்தே விற்றது.

ஒரு சின்ன உறுத்தல். பெயர்ப்பலகையில் ஒரே ஸ்டேஷன். ஆனால் நம்பு லைன் நடைமேடைக்கும் யோகோசுகா லைன் நடைமேடைக்கும் நடுவே சுமார் 400 மீட்டர். ஸ்டேஷனுக்குள்ளேயே நீளமான ஒரு நடைபாதை. ரயில் மாறுவதற்கு 'ஒரு நிமிடம்' என்று நினைத்து வருகிற புதியவர்கள் பாதி வழியில் ஓடத் தொடங்குவார்கள்.

சரி, வரிசை எங்கிருந்து வந்தது?

2010-ல் கட்டியது ஒரே ஒரு நடைமேடை. அதன் ஒருபுறம் டோக்கியோ போகும் ரயில், மறுபுறம் யோகோஹாமா போகும் ரயில். இரண்டு திசைக்காரர்களும் அதே மேடையில்தான் நிற்க வேண்டும், அதே படிக்கட்டு, அதே எஸ்கலேட்டர்தான். ரயில் பாதை உயரத்தில் போவதால் எல்லோரும் கீழிருந்து மேலே ஏறியாக வேண்டும்.

காலை நேரம். யோகோஹாமா பக்கமிருந்து ரயில் வருகிறது. நம்பு லைனுக்கு மாறுகிறவர்களும், இங்கேயே வேலை பார்ப்பவர்களும் இறங்குகிறார்கள். அவர்கள் கீழே வர வேண்டும். கோபுரங்களிலிருந்து வந்தவர்கள் மேலே போக வேண்டும். நம்பு லைனிலிருந்து மாறுகிறவர்கள் அந்த 400 மீட்டரைக் கடந்து இன்னொரு பக்கமிருந்து வந்து சேர்கிறார்கள். மேடை நிறைகிறது. மேடை நிறைந்தால் எஸ்கலேட்டரில் ஆள் ஏற்றுவது ஆபத்து. மேலே இறங்க இடமில்லாமல் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும் அல்லவா? எனவே நெருக்கடி படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மேடை, எஸ்கலேட்டர், கேட், கடைசியில் தெரு.

தெருவில் நின்ற அந்த வரிசை என்பது உண்மையில் நடைமேடையின் நீட்சி. மேலே இடமில்லாததால் கீழே நின்றது, அவ்வளவுதான்.

2018-ல் ஜேஆர் பக்கம் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 1.3 லட்சம் பேர் இங்கே ரயில் ஏறினார்கள். தோயோகோ லைன் தனிக் கணக்கு.

197 சதவீதம் என்றால் என்ன?

ரயில் நெரிசலை அளக்க ஜப்பான் போக்குவரத்து அமைச்சகம் வைத்திருக்கும் அளவுகோல் சுவாரசியமானது. 100 சதவீதம் என்றால், சீட்டில் உட்கார்ந்தோ, கைப்பிடி பிடித்தோ, கதவோரக் கம்பியைப் பிடித்தோ எல்லோரும் நிற்கலாம். 150 என்றால் நியூஸ்பேப்பரை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துத்தான் படிக்க முடியும். 200 என்றால் உடம்போடு உடம்பு நெருக்கும், ஆனாலும் எப்படியோ ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டலாம். 250 என்றால் ரயில் குலுங்கும்போதெல்லாம் உடல் சாயும், கையைக்கூட அசைக்க முடியாது.

கொசுகியிலிருந்து அடுத்த ஸ்டேஷனான நிஷி-ஓய் வரை, காலை உச்ச நேரத்தில் யோகோசுகா லைனின் நெரிசல் 2018-ல் 197 சதவீதம். டோக்கியோ வட்டாரத்திலேயே மிக மோசமான பாதைகளில் ஒன்று. இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே 6 கிலோமீட்டருக்கு மேல். ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை.

கவனிக்க வேண்டியது என்னன்னா, இது ஒரு மணி நேரத்தின் சராசரி. எல்லா ரயிலும், எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்காது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டி எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, இந்த 197 ரயில் பெட்டிக்குள் மட்டுமே அளந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற ஆள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். கொசுகிவாசிகளுக்குக் கோபம் வந்த விஷயம் எதுவோ அது அந்த எண்ணிக்கையிலேயே இல்லை.

கூடுதல் ரயில் விட்டால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் எளிது, தீர்வுதான் எளிதல்ல. யோகோசுகா லைனும் ஷோனான்-ஷின்ஜுகு லைனும் பெயரளவில்தான் இரண்டு. கொசுகி வழியாகப் போகும்போது இரண்டுக்கும் ஒரே ஜோடித் தண்டவாளம். நரிதா எக்ஸ்பிரஸும் அதில்தான். 2019 நவம்பரில் சோதெட்ஸு என்ற தனியார் ரயில் பாதையிலிருந்து ஷின்ஜுகு போகும் நேரடி ரயில்களும் அதே தடத்தில் சேர்ந்தன. பெட்டிகளையும் நீட்டியாகிவிட்டது, யோகோசுகா லைனில் ஏற்கெனவே 15 பெட்டி வரை ஓடுகிறது.

அரசியல்வாதிகளும் சும்மா இருக்கவில்லை. 2016 டோக்கியோ ஆளுநர் தேர்தலில் யுரிகோ கொய்கே, நெரிசல் ரயிலே இல்லாத நிலை கொண்டுவருவேன் என்றார். இரட்டை அடுக்கு ரயில் என்ற யோசனைகூடப் பேசப்பட்டது. ஜெயித்து வந்தபின் 2017-ல் தொடங்கியது, வேலைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஒரு பிரசாரம். 9 மணி மீட்டிங்கை யார் மாற்றுவது என்பது ரயில் ஏறுகிறவர் கையில் இல்லையே.

அப்படியானால் நடைமேடையைப் பெரிதாக்கலாமே?

அதைத்தான் கடைசியில் செய்தார்கள். ஆனால் அந்த இடத்தின் அமைப்பைப் பாருங்கள். யோகோசுகா பாதையை ஒட்டியே டோக்காய்டோ ஷின்கான்சென், அதாவது 1964-ல் ஓடத் தொடங்கிய புல்லட் ரயிலின் பாலம் போகிறது. அந்தப் பக்கம் ஓர் அடிகூட நகர முடியாது. மறுபக்கம் ஊர். ரயில் ஓடும் தண்டவாளத்தை ஒட்டிய வேலையை, கடைசி ரயில் போனபின் முதல் ரயில் வருவதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் செய்ய முடியும்.

2018 ஏப்ரலில் அவசரத்துக்கு, காலையில் உள்ளே போவதற்கு மட்டுமான ஒரு தற்காலிக கேட்டைத் திறந்தது ஜேஆர் ஈஸ்ட். அதே வருடம் ஜூலையில், இரண்டாவது நடைமேடை கட்ட கவாசாகி நகராட்சியும் ஜேஆரும் ஒப்புக்கொண்டன. தற்காலிக கேட் வந்ததும் தெருவில் நின்ற கூட்டத்தில் ஒரு பகுதி உள்ளே போனது. உள்ளே போனவர்கள் மேடையில் நின்றார்கள். நெரிசல் இடம் மாறியது என்று சொல்வதுதான் சரி.

இங்கே நகராட்சி மேல் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. கோபுரங்களுக்கு அனுமதி கொடுத்ததும் நகரத் திட்டம்தான், ரயிலை நிறுத்தச் சொல்லி ஜேஆரிடம் கேட்டதும் அதே நகரம்தான். ஒரு கோபுரம் கட்டச் சில வருடம் போதும். அதில் குடியேறுபவர்களுக்கு ஒரு நடைமேடை கட்ட, ஒப்பந்தம் போட்ட பிறகே நாலரை வருடம் ஆனது. பில்டருக்கு வீடு விற்றதும் வேலை முடிந்தது. ரயில்வேக்கு ஆள் வந்து நெரித்த பிறகுதான் வேலை தொடங்கியது. இடைப்பட்ட காலத்தை வரிசையில் நின்றவர்கள் சுமந்தார்கள்.

2019 அக்டோபர் 12

நடைமேடை வேலைகள் முடியக் காத்திருந்த அந்த இடைவெளியில்தான் இன்னொரு அடி விழுந்தது. ஹகிபிஸ் சூறாவளி. சனிக்கிழமை இரவு தாமா ஆறு நிரம்பி ஓடியது. கொசுகியில் கரை உடையவில்லை. மழைநீரை ஆற்றில் கொண்டுவிடும் குழாய் வழியாக ஆற்று நீர் எதிர்த்திசையில் ஊருக்குள் ஏறியது. தெருக்களில் சேறும் தண்ணீரும். வடிகாலின் மதகு மூடப்படாமல் இருந்தது. மூடினால் ஊருக்குள் பெய்யும் மழை வெளியேறாதே என்ற தயக்கம். பிற்பாடு அந்த மதகுகளை எப்போது மூடுவது என்ற விதிகளை நகராட்சி மாற்றியது.

47 மாடி, 643 வீடுகள் கொண்ட ஒரு கோபுரத்தில் அடித்தளத்தில் இருந்த மின்சாதனங்கள் தண்ணீரில் மூழ்கின. கரன்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, கழிவறையைப் பயன்படுத்த முடியவில்லை. முப்பதாவது மாடியில் இருப்பவர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். இதையும் இணையத்தில் கேலி செய்தார்கள் என்பது ஒரு கசப்பான உண்மை. 2020 ஜூனில், கட்டடங்களின் மின்சாதனங்களை வெள்ளத்திலிருந்து காப்பது பற்றி அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

ஸ்டேஷனும் தப்பவில்லை. யோகோசுகா லைன் பக்கத்துக் கேட்டில் தண்ணீர் புகுந்து, ஆட்டோமேட்டிக் கேட்களும் எஸ்கலேட்டரும் செயலிழந்தன. திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் வேலைக்குக் கிளம்பினார்கள். லிஃப்ட் இல்லாத கோபுரத்திலிருந்து படியிறங்கி வந்தவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். வழக்கமான நாளிலேயே தெருவுக்கு வரும் வரிசை, கேட் இல்லாத நாளில் எங்கே போய் நின்றிருக்கும்?

இரண்டாவது நடைமேடை வந்தபோது

அடுத்த வருடம் கொரோனா. வீட்டிலிருந்தே வேலை. டோக்கியோ வட்டார முக்கியப் பாதைகளின் சராசரி நெரிசல் 2019-ல் 163 சதவீதம். 2020-ல் அது 107. கொசுகி வரிசையும் காணாமல் போனது. நடைமேடையால் அல்ல, பயத்தால்.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, புதிய நடைமேடை பயன்பாட்டுக்கு வந்தது. யோகோஹாமா பக்கம் போகிறவர்கள் புதிய மேடைக்கு, டோக்கியோ போகிறவர்கள் பழைய மேடைக்கு. இரண்டு கூட்டமும் பிரிந்தன. 2023 டிசம்பரில் சுனாஷிமா சாலைப் பக்கம் இன்னொரு புதிய கேட்டும் திறந்தது. தாமதமானாலும் இது உண்மையான மாற்றம்தான். மேடையில் நடக்க இடம் கிடைத்தது.

ஆனால் புதிய மேடை ரயில் பெட்டிக்குள் இடத்தைக் கூட்டாது. கூட்டமும் மெல்லத் திரும்புகிறது. அதே சராசரி 2022-ல் 123, 2023-ல் 136. உச்ச நேரத்தைத் தவிர்ப்பவர்களுக்கு என 2023 மார்ச்சில் ஜேஆர் ஈஸ்ட் ஒரு மலிவு பாஸ் கொண்டுவந்தது, வழக்கத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. 2024 அக்டோபரில் தள்ளுபடியை 15 சதவீதமாக உயர்த்தியது. நல்ல யோசனைதான். ஆனால் பாஸுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. மிச்சமாகும் காசும் கம்பெனிக்கு. சீக்கிரம் எழ வேண்டியது மட்டும் ஊழியர்.

இதற்கிடையே, ஸ்டேஷனின் வடக்குப் பக்கம், ஒரு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறியதால் காலியான இடத்தில், சுமார் 50 மாடியில் இன்னும் இரண்டு கோபுரங்களுக்குத் திட்டம் போடப்பட்டது. அங்கே குடிவருகிறவர்களுக்கு நம்பு லைனும் தோயோகோ லைனும்தான் பக்கம். டோக்கியோவுக்கு நேரடி ரயில் வேண்டுமானால், முதலில் அந்த 400 மீட்டர் நடைபாதை.